காற்றில் துகள் கண்காணிப்பு: சில நிலையங்களா, பல சென்சார்களா?

தொடுவானம்:
துகள் மாசைக் கண்காணிக்கும் தேசிய வலையமைப்பை விரிவாக்க ஒதுக்கும் பணத்தில் பெரும்பகுதி விலை குறைந்த சென்சார்களுக்கே போக வேண்டும் என்பது என் வாதம். ஒரு நகரத்தில் இரண்டு மூன்று நிலையங்களை நிறுவிவிட்டு, அவற்றின் சராசரியையே ஊர் முழுவதும் சுவாசிக்கும் காற்று என்று அறிவிப்பது நெடுஞ்சாலையோரம் வசிப்பவருக்குச் செய்யும் அநீதி. உலகச் சுகாதார நிறுவனம் பி.எம். 2.5 எனப்படும், 2.5 மைக்ரோமீட்டருக்கு மிகாத விட்டமுள்ள நுண்துகள்களுக்கான ஆண்டுச் சராசரி வழிகாட்டு அளவை 2021-இல் கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராமிலிருந்து 5 ஆகக் குறைத்தது. அளவுகோல் இவ்வளவு இறங்கிய பிறகு, தெருவுக்குத் தெரு உள்ள வேறுபாடே அந்த 5-ஐ விஞ்சக்கூடும்.

வடிதாள்:
நீங்கள் சுட்டும் அந்த 5 மைக்ரோகிராம் எப்படி அளக்கப்படுகிறது என்பதையும் பார்ப்போம். பிற கருவிகளைச் சரிபார்க்க அடிப்படையாகக் கொள்ளும் அமெரிக்காவின் குறிப்பு முறையில் நிமிடத்திற்கு 16.67 லிட்டர் காற்று 24 மணி நேரம் ஒரு வடிதாள் வழியே இழுக்கப்படுகிறது. அந்தத் தாள், 20 முதல் 23 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 30 முதல் 40 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள அறையில் பதப்படுத்தப்பட்டு, முன்னும் பின்னும் எடை போடப்படுகிறது. ஒரு நாளில் கடக்கும் காற்று 24 கன மீட்டர். காற்றில் 5 மைக்ரோகிராம் இருந்தால் தாளில் ஏறும் எடை வெறும் 120 மைக்ரோகிராம். விரல் பட்டாலே பாழாகிவிடும் அளவு அது.

விலை குறைந்த சென்சார் எதையும் எடை போடுவதில்லை. துகள்கள் சிதறடிக்கும் ஒளியைக் கொண்டு எடையை ஊகிக்கிறது. ஈரமான விடியலில் துகள்கள் நீரை ஏற்று உப்புவதால் மாசு மிகுந்துவிட்டதாகக் காட்டும். புழுதிக் காற்றிலோ பெருந்துகள்களைத் தவறவிட்டுக் குறைத்துக் காட்டும். இப்படி ஆயிரம் கருவிகளைப் பரப்பினாலும் ஓர் ஊரை இன்னோர் ஊரோடு ஒப்பிட முடியாது.

தொடுவானம்:
ஈரப்பதப் பிழையைத் திருத்த முடியும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அப்படித் திருத்திய சென்சார் அளவுகளைத்தான் காட்டுத்தீப் புகை வரைபடத்தில் நிலைய அளவுகளோடு சேர்த்துக் காட்டுகிறது. நிலையமே இல்லாத இடங்களுக்குப் புகை போகும்போது, அங்குள்ளவர்களுக்கு வேறு எது துணை?

செவிலி:
ஆஸ்துமா நோயாளி ஒருவர் இன்று காலை வெளியே போகலாமா என்று கேட்டால், ஆய்வகத்திலிருந்து நாள்கள் கழித்து வரும் எடையை வைத்துக்கொண்டு நான் என்ன சொல்ல முடியும்?

வடிதாள்:
அதற்காகவே, படிந்த துகள்களைக் கடக்கும்போது பீட்டாக் கதிர் குறையும் அளவைக் கொண்டு மணிக்கு மணி அளக்கும் கருவிகளைப் பல நிலையங்களில் வைத்திருக்கிறார்கள், செவிலி அவர்களே. அவற்றையும் வடிதாளோடு ஒப்பிட்டுச் சரிபார்த்த பிறகே நம்புகிறோம்.

தொடுவானம் அவர்களுக்கு: நீங்கள் சொல்லும் திருத்தம் எங்கிருந்து வந்தது? சென்சார்களைக் குறிப்பு நிலையங்களின் அருகிலேயே வைத்து ஒப்பிட்டதால் வந்தது. ஓரிடத்துப் புகைக்குக் கண்ட திருத்தம் வேறிடத்துப் புழுதிக்குப் பொருந்தாது. ஆகவே நிலையம் இல்லாத பகுதியில் திருத்தமும் இல்லை. நான் பராமரித்த ஒரு நிலையத்தில், உறிஞ்சுகுழாயின் அருகே மரம் வளர்ந்து காற்றோட்டத்தை மறைத்ததால் அளவு ஆண்டுதோறும் சரிந்தது. அதைக் காற்று தூய்மையாகிறது என்றே எல்லாரும் படித்தோம். காவலுள்ள நிலையத்திலேயே இப்படியென்றால், மாடிக் கைப்பிடிச் சுவரில் தொங்கும் கருவியை யார் பார்ப்பார்கள்?

தொடுவானம்:
ஒவ்வொரு தொகுதிச் சென்சாரையும் களத்தில் வைக்கும் முன்பும் எடுத்த பின்பும் அந்தந்தப் பகுதியின் நிலையத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பதை ஏற்கிறேன். ஆனால் மரத்தின் கதை என் பக்கமும் பேசுகிறது: அருகே நான்கு சென்சார்கள் இருந்திருந்தால், அவை சரியாமல் நிலையம் மட்டும் சரிவதை முதல் ஆண்டிலேயே கண்டிருப்பீர்கள்.