சம்பூர் சோலார் காணி: அது வெறும் பற்றையா?

உப்புவெளி ரமணன்:
2025 இல் முத்துநகர் விவசாயிகள் சோலாருக்குக் காணி தரமாட்டோம் என்று திருகோணமலை மாவட்டச் செயலகத்துக்கு முன்னால் குந்தியிருந்தார்கள். இப்போது இங்கேயும், இதே மாவட்டத்துச் சம்பூரின் 120 மெகாவாட் சோலார் திட்டத்தைப் பற்றி ஒப்பாரி. சம்பூரில் நிலக்கரி மின்நிலையம் வேண்டாம் என்றீர்கள், 2016 இல் அதைக் கைவிட்டார்கள். புகையே இல்லாத சோலாரும் வேண்டாமென்றால் கரண்ட் எங்கிருந்து வரும்? அங்கே இருந்தது வெறும் பற்றை. பற்றைக்கு இவ்வளவு சண்டையா?

கொட்டியாரத்தான்:
பற்றையா? 2006 ஏப்ரலில் போரில் குண்டு விழுந்து ஓடின சம்பூர்ச் சனம் கிளிவெட்டி, பட்டித்திடல் முகாம்களில் கொட்டிலுக்குள் வெந்து, 2015 இல்தான் திரும்பத் தொடங்கியது. அத்தனை வருஷம் மனிதர் கால் வைக்காத காணியில் பற்றை வளராமல் என்ன வளரும்? ஆளைத் துரத்திவிட்டு, பிறகு ஆளில்லாத காணி என்று எழுதுவதற்கு உமக்கு வெட்கமில்லையா? 500 மெகாவாட் நிலக்கரிக்கென்று பிடித்த காணி அது. நிலக்கரி போனால் காணி உரியவனிடம் வரவேண்டும், அடுத்த திட்டத்துக்குப் போகக்கூடாது. நான் சோலாருக்கு எதிரியில்லை.

உப்புவெளி ரமணன்:
எதிரியில்லை, ஆனால் எங்கள் ஊரில் மட்டும் வேண்டாம். எல்லா ஊரும் இதைத்தான் சொல்கிறது. மன்னாரில் காற்றாலைக்கும் இதே கதை. நான் கேட்டது பற்றையா இல்லையா என்று.

கடற்கரைச்சேனை அக்கா:
தம்பி, நீர் ஒருநாளாவது அந்தப் பக்கம் நடந்தீரா? நீர் சொல்லும் பற்றைக்குள்தான் எங்கள் மாடு மேய்ந்தது. விறகு அங்கேதான், பாலைப்பழமும் அங்கேதான். இப்போது கம்பி வேலியைச் சுற்றி மாட்டை ஓட்டிப்போனால் வெயில் ஏறிவிடும், கன்று படுத்துவிடும். வயலென்றால்தான் உங்கள் கண்ணுக்குக் காணி, மேய்ச்சல் தரை காணியில்லையா?

நிலாவெளி மின்காரன்:
கொஞ்சம் கணக்கும் பாருங்கள். ஒரு மெகாவாட் சோலாருக்கு நாலு ஏக்கர் அளவில் வேண்டும். அது கூரையில் கிடைக்காது. நாட்டின் இலக்கு 2030 இல் 70 சதவீதம் புதுப்பிக்கத்தக்க மின்சாரம். நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தை மட்டும் நம்பியிருந்தால் 2022 இன் பதின்மூன்று மணி நேர மின்வெட்டு மாதிரி இன்னொன்றுக்கும் தயாராக இருங்கள்.

கொட்டியாரத்தான்:
கூரையா? 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சோலார் வைத்தவர்களைப் பகலில் நிறுத்தச் சொன்னார்களே, மறந்துபோச்சா? பகலில் மின்சாரம் மிஞ்சுகிறது, வாங்க ஆளில்லை. இரவு ஏழு மணிக்கு எல்லா வீட்டிலும் விளக்கெரியும்போது சூரியன் இல்லை. பற்றரி வைக்காமல் காணியை மட்டும் பிடிப்பது என்ன திட்டம்? சரி, அதையும் விடுவோம். மறுபடி கேட்கிறேன், அது பற்றையா? யாருடைய பற்றை?

நிலாவெளி மின்காரன்:
அந்த நிறுத்தம் மின்தொகுதியின் சமநிலைக்காக. விடுமுறையில் பாவனை குறைந்தால் தொகுதி தாங்காது. 2025 பெப்ரவரி 9 இல் நாடே இருண்டது நினைவில்லையா? அதற்குக் காரணம்...

உப்புவெளி ரமணன்:
குரங்கு! அமைச்சரே சொன்னார்.

நிலாவெளி மின்காரன்:
குரங்கு பாய்ந்தது பாணந்துறை உப மின்நிலையத்தில். நான் சொல்வது தொகுதியின் பலவீனத்தை. படிக்காமல் குறுக்கே விழாதீர்.

உப்புவெளி ரமணன்:
படித்தவர் நீங்கள் ஒருவர்தான் என்ற எண்ணம் உங்களுக்குப் போன வருஷம் துறைமுக விவாதத்திலிருந்தே இருக்கிறது. அப்போதும் இப்படித்தான் எகிறினீர்கள்.

கொட்டியாரத்தான்:
உங்கள் இருவர் சண்டையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ரமணன், உமது உப்புவெளி வளவை ஒன்பது வருஷம் பூட்டி வைத்து, புல் முளைத்தபின் பற்றை என்று எழுதி யாருக்காவது கொடுத்தால் சும்மா இருப்பீரா? நட்டஈடு யாருக்கு, எவ்வளவு, வேலை எத்தனை ஊர்ப் பிள்ளைக்கு என்று ஒருவரும் ஊரில் வந்து உட்கார்ந்து சொல்லவில்லை. புகையில்லாத கரண்ட் நல்லதுதான். அந்த நல்லதுக்கு விலை ஏன் எப்போதும் சம்பூர் இருக்கும் கொட்டியாரக் குடாக் கரைச் சனத்திடமே கேட்கப்படுகிறது?

உப்புவெளி ரமணன்:
என் வளவுக்குக் காணி உறுதிப் பத்திரம் இருக்கிறது. உங்களிடம் இருந்தால் வழக்குப் போடுங்கள்.

கடற்கரைச்சேனை அக்கா:
உறுதி ஓடும்போது போனது தம்பி. சட்டியே எடுக்காமல் ஓடினோம், பேப்பரா எடுப்போம்?

உப்புவெளி ரமணன்:
அப்படியென்றால் பற்றைதான்.

கொட்டியாரத்தான்:
இன்னொரு தடவை எழுதிப் பாரும். ஒவ்வொரு தடவையும் 2006 ஐ நானும் எழுதுவேன்.