‘காஸ்டலேட்டட்’ என்பதற்குக் கோட்டைச்சாயல்: ஒரு முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பெருநிலக்கிழார்கள் தம் தொழுவங்களுக்கும் களஞ்சியங்களுக்கும் கோட்டையின் தோற்றம் கொடுத்துக் கட்டிய கோதிக் (கூர்வளைவுகள் கொண்ட இடைக்கால ஐரோப்பியக் கட்டட மரபு) கட்டடங்களைப் பற்றிப் பேசும்போது வரும் ‘காஸ்டலேட்டட்’ (castellated) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு, நம் தமிழ்ச் சொற்பட்டியலுக்காக ‘அரண்செய்த’, ‘கோட்டைப் பாணி’ என இரண்டு பரிந்துரைகள் வந்துள்ளன. இரண்டையும் ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு.

‘அரண்செய்த’ என்பது பொருளையே மாற்றிவிடுகிறது. அரண் என்றால் காவல். இக்கட்டடங்களுக்குள் இருந்தவை மாடுகளும் வைக்கோலும் கலப்பைகளும்தாம். வடமேற்கு இங்கிலாந்தில், கம்பிரியாவின் கிரேஸ்டோக்கில், 11ஆம் நார்ஃபோக் கோமகனான சார்லஸ் ஹோவர்ட் இரண்டு பண்ணைகளுக்குக் கோட்டை முகப்பு எழுப்பி, ஒன்றை ஃபோர்ட் பட்னம் என்றும் மற்றொன்றை பங்கர்ஸ் ஹில் என்றும் அழைத்தார். முன்னது அமெரிக்கத் தளபதி இஸ்ரேல் பட்னமின் பெயர். பின்னது, அமெரிக்க விடுதலைப் போரில் 1775இல் பிரிட்டிஷ் படை பேரிழப்புக்குப் பிறகே வென்ற போர்க்களத்தின் பெயர். அமெரிக்கர் பக்கம் பரிவு கொண்ட, பிரிட்டனின் விக் என்னும் அரசியல் கட்சியைச் சேர்ந்த கோமகன், தம் நாட்டை எதிர்த்துப் போரிட்டவர்களின் புகழைத் தம் மாட்டுக்கொட்டிலின் பெயரில் பாடியிருக்கிறார் என்றே கொள்ள வேண்டும். இத்தகைய குறும்பை ‘அரண்’ என்ற கனத்த சொல் தாங்காது.

‘கோட்டைப் பாணி’ அவ்வளவு பிழையானதன்று. ஆனால் ‘பாணி’ என்ற சொல்லைக் கோதிக்குக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். ‘கோட்டைப் பாணிக் கோதிக் பாணிப் பண்ணைக் கட்டடம்’ என்று எழுதிப் பார்த்தால் சங்கடம் விளங்கும். மேலும், இங்கே கோதிக் என்பது கட்டட மரபு. கோட்டை என்பது அம்மரபுக்குள் மேற்கொண்ட தோற்றம். ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரின் ரௌஷம் தோட்டத்தில் வில்லியம் கென்ட் அமைத்த தொழுவத்தைப் பாருங்கள். தோட்டத்தில் உலவுபவருக்கு அது அமர்ந்து இளைப்பாறக் கோதிக் இருக்கையும் மதில் விளிம்பும் கொண்ட சிறு கோட்டை. மேய்ச்சல் நிலத்து மாட்டுக்கு அது வெறும் கொட்டில். மாளிகையிலிருந்து பார்க்கும் கண்ணுக்குப் பண்ணைக் கட்டடம் உறுத்தாதிருக்க வேண்டும் என்பதே இந்த ஒப்பனைக்குக் காரணம் என்பதால், பார்வை படாத பக்கத்தில் செலவு செய்யப் பெரும்பாலும் எவரும் முனைவதில்லை.

ஆகவே ‘கோட்டைச்சாயல்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். ‘கோட்டைவேடம்’ என்றும் முதலில் நினைத்தேன். பண்ணைகளுக்கு அது மிக நன்றாகப் பொருந்தும். ஆனால் ஆங்கிலத்தில் ‘காஸ்டலேட்டட்’ என்ற சொல்லை உண்மையாகவே காவல் கருதிக் கட்டிய இடைக்கால மாளிகைகளுக்கும் ஆள்வதால், அவற்றையும் வேடதாரிகள் ஆக்கிவிடுவோம். சாயல் என்பது இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது.

‘கிரெனலேட்டட்’ (crenellated) என்ற ஆங்கிலச் சொல்லை இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது கட்டடத்தின் முழுத் தோற்றத்தை அன்றி, பல்வரிசை போல வெட்டுப்பட்ட மதில் உச்சியை மட்டும் சுட்டுவது. அதற்கு ‘ஞாயில்’ என்ற பழந்தமிழ்ச் சொல் இருக்கிறது. மதுரைக்காஞ்சியிலேயே ‘நிரைஞாயில்’ வருகிறது. அகராதிகள் ஏவறை, அதாவது அம்பு எய்யும் இடம், என்று பொருள் தருவதால் அலங்காரத்துக்கு அது ஆகாது என ஒருவர் மறுக்கலாம். ஆங்கிலேயரின் சொல்லும் போர்த்தேவையில் பிறந்து பிறகு வடிவத்தை மட்டும் குறிக்க வந்ததுதான். நாமும் அவ்வாறே விரிக்கலாம். உயர்ந்து நிற்கும் பகுதியை ‘ஞாயிற்பல்’ என்றும், இடையிலுள்ள திறப்பை ‘ஞாயில்வெட்டு’ என்றும் சொன்னால் தச்சரும் கொத்தரும்கூடப் புரிந்துகொள்வர்.

எல்லையையும் வரைந்துகொள்வது நல்லது. கிரேஸ்டோக்கிலேயே உள்ள ஸ்பைர் ஹவுஸ் என்னும் பண்ணைவீடு, கூம்புக் கோபுரத்தால் தேவாலயம் போலத் தோன்றுகிறது. அதைக் கோதிக் என்று சொல்ல எனக்குத் தடையில்லை; கோட்டைச்சாயல் என்று சொல்ல மாட்டேன்.

பட்டியலில் ‘கோட்டைச்சாயலுள்ள கோதிக் பண்ணைக் கட்டடங்கள்’ என்று பதியலாம் என்பது என் கருத்து. ‘ஞாயிற்பல்’ என்பதில் வரும் புணர்ச்சி ‘ஞாயிறு’ என்று மயங்க வைக்குமானால், ‘ஞாயில் பல்’ எனப் பிரித்தே எழுதவும் உடன்படுகிறேன்.