முதல் படகு யாருடையது?

தண்ணீர்மலையான்:
நேற்று இங்கே ஒருவர், "எங்கே பேரிடர் வந்தாலும் செஞ்சிலுவை, செம்பிறைச் சங்கங்கள்தான் முதலில் ஓடி வரும்" என்று எழுதியிருந்தார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. 2017 நவம்பர் 4 ராத்திரி, பினாங்குத் தீவில் வெள்ளம் வந்தபோது, ஜாலான் பி. ராம்லியில் என் அம்மா சாப்பாட்டு மேசைமேல் ஏறி உட்கார்ந்திருந்தார். இடுப்புக்கு மேல் தண்ணீர். விடியும்போது வாசலுக்கு வந்த முதல் படகு எதிர்வீட்டு மீன்காரரின் சம்பான். சங்கத்துப் படகு இல்லை. யாராவது பதில் சொல்லுங்கள்.

பட்டர்வொர்த் அக்கா:
நான் சொல்கிறேன் தம்பி. பதினான்கு வருஷமாகச் செம்பிறைச் சீருடை போடுகிறேன். ஜெனிவாவிலிருந்து யாரும் வந்து படகு ஓட்டமாட்டார்கள். இங்கே ஓடுவது டீச்சர், கிளார்க், கிளினிக்கில் வேலை பார்க்கும் பிள்ளை, எல்லாம் உள்ளூர் ஆட்கள். ஜெனிவாவில் இருப்பது எல்லா நாட்டுச் சங்கங்களும் சேர்ந்த கூட்டமைப்பு, அதன் வேலை வேறு. 1985 முதல் அவர்களிடம் ஓர் அவசர நிதி இருக்கிறது. ஒரு நாட்டுச் சங்கம் கேட்டால், நன்கொடை சேரட்டும் என்று காத்திருக்காமல் அதிலிருந்து பணம் தருவார்கள். ஆசிய பசிபிக் அலுவலகம் நம் கோலாலம்பூரில்தான் இருக்கிறது. படகை மட்டும் எண்ணினால் இதெல்லாம் எப்படித் தெரியும்?

தண்ணீர்மலையான்:
நிதி, அலுவலகம் எல்லாம் சரி. முதல் படகு யாருடையது?

பாயான் லெப்பாஸ் வாத்தியார்:
எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். 1863-இல் தொடங்கிய சர்வதேச செஞ்சிலுவைக் குழு போர்க்களத்துக்கானது. 1919-இல், முதல் உலகப் போர் முடிந்ததும் உருவான கூட்டமைப்பு நோய்க்கும் பேரிடருக்கும். நாட்டுச் சங்கங்கள் மூன்றாவது. மூன்றையும் போட்டுக் குழப்பினால்...

செந்தூல் பையன்:
சார், பாடம் அப்புறம் எடுக்கலாம். சிலுவை ஏன் பிறையாச்சு? அதைச் சொல்லுங்கள். இங்கே எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறார்கள்.

பட்டர்வொர்த் அக்கா:
மலேசியாவில் பெயர் மாறியது 1975-இல். பிறைச் சின்னமோ 1870-களிலேயே, ரஷ்யாவோடு நடந்த போரில் துருக்கி பயன்படுத்தியது. உன் தாத்தா காலத்துக்கும் முந்தியது, தம்பி. தைப்பூசத்தன்று முதலுதவிக் கூடாரத்தில் உட்கார்ந்து, வெயிலில் வெந்த தார்ரோட்டில் நடந்து வந்தவர்களின் உள்ளங்காலில் கொப்புளம் கழுவிக் கட்டுப் போட்டிருக்கிறேன். எந்தச் சாமி என்று கேட்டா கட்டினேன்?

தண்ணீர்மலையான்:
யாரும் கட்டு போட்டதைக் குறை சொல்லவில்லை. நான் கேட்டது படகு.

பட்டர்வொர்த் அக்கா:
படகு, படகு, படகு. 2014-இல் கினி, லைபீரியா, சியரா லியோனில் எபோலா பரவியபோது எந்தப் படகு போனது? 11,000 பேருக்கு மேல் செத்தார்கள். அந்த நோயில் செத்த உடம்பிலும் கிருமி உயிரோடு இருக்கும். நம்மைப் போலவே அவர்களும் பிணத்தைக் குளிப்பாட்டித்தான் அடக்கம் செய்வார்கள். குளிப்பாட்டிய கைக்கே நோய் ஒட்டியது. செஞ்சிலுவைப் பிள்ளைகள் தலை முதல் கால் வரை மூடிக்கொண்டு போய் உடலை எடுத்தார்கள். ஊரார் பயந்தார்கள், சில இடங்களில் அடித்தே விரட்டினார்கள். அப்புறம் முறையை மாற்றினார்கள். முதலில் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுவது, தள்ளி நின்று தொழ விடுவது, அவர்கள் கொடுத்த துணியை உடலோடு வைப்பது. அதன்பிறகே ஊர் கதவைத் திறந்தது. செய்தவர்கள் யார்? அதே ஊர்ப் பிள்ளைகள். வீடு திரும்பினால் சொந்த வீட்டிலேயே சேர்க்காத பிள்ளைகள். இதைத்தான் நான் உலகச் சங்கம் என்கிறேன்.

தண்ணீர்மலையான்:
கோவிட் சமயத்தில் என் மாமா ஓர் ஆஸ்பத்திரியில் போய்விட்டார். முகத்தைக்கூடக் காட்டவில்லை. வாய்க்கரிசி இல்லை. பெட்டியை மூடி அனுப்பினார்கள். ஆப்பிரிக்காவில் தள்ளி நின்று தொழ விட்டார்களாம். எங்களை ஏன் விடவில்லை?

பட்டர்வொர்த் அக்கா:
அந்த ஆஸ்பத்திரியைக் கேளுங்கள். அப்படி நடந்திருக்கக் கூடாது என்றுதானே நான் கத்துகிறேன்!

செந்தூல் பையன்:
போன வருஷம் அன்னதானக் கணக்கு கேட்டபோதும் அக்கா இப்படித்தான் பேச்சை மாற்றினார்.

பட்டர்வொர்த் அக்கா:
கணக்கு நோட்டு இன்னும் என் வீட்டில் இருக்கிறது. கோலாலம்பூரில் உட்கார்ந்துகொண்டு பேசாமல் வந்து பார்.

தண்ணீர்மலையான்:
தீவில் வெள்ளம் வந்தால் அக்கரை ஆட்களுக்கு என்ன தெரியும்?

பட்டர்வொர்த் அக்கா:
அதே ராத்திரி இக்கரையில், செபராங் பிறையிலும் தண்ணீர்தான் தம்பி! என் வீட்டு ஃபிரிட்ஜ் மிதந்தது. அதை விட்டுவிட்டு நிவாரண மையத்துக்குப் போனேன். வயிற்றுப்போக்கில் துவண்டு கிடந்த ஒரு குழந்தைக்கு, காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சீனி, அரை டீஸ்பூன் உப்பு தலைதட்டிப் போட்டுக் கலக்கி, கரண்டி கரண்டியாகப் புகட்டினேன். வங்காளதேசத்திலும் ஹைட்டியிலும் தொண்டர்கள் சொல்லிக்கொடுப்பது இதே அளவைத்தான். அது எனக்கு எங்கிருந்து வந்தது? பயிற்சியில் வந்தது. சனிக்கிழமை காலை முதலுதவி வகுப்பு இருக்கிறது. உங்கள் மீன்காரரையும் கூட்டி வாருங்கள். படகு ஓட்டத் தெரிந்த ஆள் எங்களுக்கு வேண்டும்.

பாயான் லெப்பாஸ் வாத்தியார்:
நான் சொன்ன மூன்று பிரிவை யாராவது படித்தீர்களா?

தண்ணீர்மலையான்:
சனிக்கிழமை அவர் கடலில் இருப்பார் அக்கா. முதல் படகு அவருடையதுதான்.