ஒரே வார இறுதியில் ஸ்ட்ராஸ்பூர்க், கோல்மார், பாசல், நூர்ன்பெர்க்: கிறிஸ்துமஸ் சந்தை சுற்ற முடியுமா?

ஸ்டுட்கார்ட்_புதுசு:

எல்லோருக்கும் வணக்கம். அக்டோபரில்தான் மாஸ்டர்ஸ் படிக்க ஸ்டுட்கார்ட் வந்தேன். இரண்டாவது அட்வெண்ட் (கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளில் இரண்டாவது) வார இறுதியில் எனக்கு அசைன்மெண்ட் எதுவும் இல்லை, அதை விட்டால் ஜனவரி வரை பரீட்சைத் தயாரிப்புதான் என்பதால் அந்த இரண்டு நாளில் எவ்வளவு முடியுமோ அவ்வளவு பார்த்துவிடலாம் என்று நினைக்கிறேன். என் திட்டம் இதுதான்: வெள்ளி இரவு கிளம்பி சனி காலை நூர்ன்பெர்க், சனி மாலை திரும்பி ஸ்ட்ராஸ்பூர்க், ஞாயிறு கோல்மார் (இரண்டும் பிரான்சில்), அப்படியே பாசல் (சுவிட்சர்லாந்து), இரவு வீடு. டாய்ச்லாண்ட் டிக்கெட் (ஜெர்மனி முழுக்க உள்ளூர் ரயில், பஸ்ஸில் செல்லும் மாதாந்திர டிக்கெட்) இருக்கிறது. தங்க, சாப்பிட எல்லாம் சேர்த்து 150 யூரோ செலவழிக்கலாம். நான் சைவம், முட்டை சாப்பிடுவேன். அப்புறம் ஒரு பயம். ரெசிடென்ஸ் பெர்மிட் கார்டு இன்னும் வரவில்லை, பாஸ்போர்ட்டில் உள்ள டி விசா (நீண்ட காலம் தங்குவதற்கான விசா) ஜனவரி வரை செல்லும். இதை வைத்துக்கொண்டு பிரான்சுக்குள் போகலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ரைன்கரை:

தம்பி, நான்கு ஊர் வேண்டாம். ரயிலைத்தான் பார்ப்பீர்கள், சந்தையை அல்ல. டாய்ச்லாண்ட் டிக்கெட் ஐசிஇ, ஐசி, டிஜிவி போன்ற தொலைதூர வேக ரயில் எதிலும் செல்லாது, ரீஜனல் வண்டிதான். ஸ்டுட்கார்ட்டிலிருந்து நூர்ன்பெர்க் அதில் சுமார் மூன்று மணி நேரம். அங்கிருந்து மேற்கே ஸ்ட்ராஸ்பூர்க் வரை திரும்பி வந்தால் சனிக்கிழமை முழுக்க ஜன்னலோரத்திலேயே போய்விடும். டிசம்பரில் மாலை நான்கரைக்கெல்லாம் இருட்டிவிடுகிறது, இந்தச் சந்தைகளுக்கு உயிரே அந்த இருட்டுக்கு அப்புறம்தான். ஆக ஒரு ஊருக்கு ஒரு மாலை என்று கணக்குப் போடுங்கள், இரண்டு நாளுக்கு இரண்டு ஊர்.

உங்களுக்கு நான் சொல்வது ஸ்ட்ராஸ்பூர்க்கும் கோல்மாரும். கார்ல்ஸ்ரூ, ஆஃபன்பூர்க் வழியாகக் கெல் வரை உங்கள் டிக்கெட் செல்லும். கெல் ரைனின் ஜெர்மன் கரையில் இருக்கிறது, பாலம் தாண்டினால் பிரான்ஸ். 2017 முதல் அங்கிருந்து டி லைன் டிராம் நேராக ஸ்ட்ராஸ்பூர்க் நடுவுக்குப் போகிறது, அதற்கு மட்டும் தனி டிக்கெட் வாங்க வேண்டும். அட்வெண்ட் வார இறுதியில் ஸ்ட்ராஸ்பூர்க்குக்குள் அறை வாடகையைப் பார்த்தால் மயக்கம் வரும், அதனால் கெல்லிலேயே தங்குங்கள். பார்க்க ஒன்றும் பெரிதாக இல்லை, பிரெஞ்சுக்காரர்கள் சிகரெட்டும் ஷாம்பூவும் மலிவாக வாங்க வரும் ஊர். தூங்குவதற்கு அது போதும்.

ஸ்ட்ராஸ்பூர்க் சந்தை 1570 முதல் நடக்கிறது. ஊர் புராட்டஸ்டண்ட் பக்கம் சாய்ந்தபோது புனித நிக்கோலஸ் பெயரில் இருந்த சந்தையை நிறுத்திவிட்டுக் குழந்தை ஏசுவின் பெயரில் இதைத் தொடங்கினார்கள். ப்ரோக்லி சதுக்கத்தில் இருப்பதுதான் பழையது. ஆனால் கடைகள் ஒரே இடத்தில் இல்லை, ஆற்றால் சூழப்பட்ட பழைய நகரம் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. க்ளேபர் சதுக்கத்தில் பெரிய மரம், அங்கிருந்து கதீட்ரல். 142 மீட்டர் கோபுரம், 1874 வரை உலகிலேயே உயரமான கட்டடம். கீழே கடைகளின் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டே அண்ணாந்து பாருங்கள், கழுத்து வலித்தாலும் பரவாயில்லை.

ஒரு விஷயம். 2018 டிசம்பரில் அங்கே துப்பாக்கிச் சூடு நடந்தது, பாதுகாப்பு கடுமை. பழைய நகரத்துக்குள் நுழையும் பாலங்களில் பையைத் திறந்து காட்டச் சொல்வார்கள், சந்தை நேரத்தில் நடுவில் உள்ள சில நிறுத்தங்களில் டிராம் நிற்காது. பெரிய முதுகுப்பையை அறையிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

நூர்ன்பெர்க்_வாசி:

ரைன்கரை அண்ணா சொன்ன ரயில் கணக்கு சரி, ஆனால் தள்ள வேண்டியது நூர்ன்பெர்க்கையா? கோல்மார் அழகான ஊர்தான், மரச்சட்ட வீடுகள், கால்வாய் எல்லாம் உண்டு, ஆனால் அட்வெண்ட் ஞாயிற்றுக்கிழமை அந்தச் சின்னச் சந்துகளில் போட்டோ எடுப்பவர்களுக்கு நடுவே நகரக்கூட முடியாது. எங்கள் சந்தையில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. மரக்கடைகள், மேலே சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட துணி, பிளாஸ்டிக் தோரணமோ ஸ்பீக்கர் பாட்டோ கூடாது என்று விதி. முதல் அட்வெண்டுக்கு முந்தைய வெள்ளி மாலை ஐந்தரைக்கு, பொன்னிறக் கூந்தலும் கிரீடமும் அணிந்த கிறிஸ்ட்கிண்ட் (குழந்தை ஏசுவின் பெயரில் தேவதை வேடமிட்ட பெண்), ஃப்ரவுன்கிர்ஹே தேவாலய மாடத்திலிருந்து கவிதை சொல்லித் தொடங்கிவைப்பாள். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை உள்ளூர்ப் பெண் ஒருத்தியைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

பக்கத்திலேயே ராட்ஹவுஸ் சதுக்கத்தில் நூர்ன்பெர்க்கின் சகோதர நகரங்களுக்கென்று தனிச் சந்தை. வெளியூர்க்காரர்கள் பெரிய சந்தையோடு திரும்பிவிடுகிறார்கள், எனக்கு இதுதான் பிடித்தது. வாங்குவதென்றால் எலிசன் லெப்கூகன் (மசாலா மணக்கும் கிறிஸ்துமஸ் பிஸ்கட்) வாங்குங்கள், கால் பங்குக்குக் குறையாமல் கொட்டைப் பருப்பு இருந்தால்தான் அந்தப் பெயரே போடலாம், மாவு பெயருக்குத்தான். தகர டப்பாவுக்காகக் காசு கொடுக்காதீர்கள். சாதாரண பிளாஸ்டிக் உறையில் இருப்பதும் அதேதான்.

ஸ்டுட்கார்ட்_புதுசு:

இப்போது இன்னும் குழப்பம். பாசல் போனால் இரண்டு நாடு ஆயிற்றே என்று ஒரு ஆசை!

பழைய_மாணவன்:

பாசலில் ஃபிராங்க், விலையும் சுவிஸ் விலை, உங்கள் 150 யூரோ அங்கே ஒரு மதியத்தில் கரையும். இன்னொரு வருடம் போகலாம்.

விசா பற்றி: டி விசா செல்லுபடியாக இருக்கும் வரை மற்ற ஷெங்கன் நாடுகளுக்கு (தங்களுக்குள் எல்லைச் சோதனை வேண்டாம் என்று ஒப்பந்தம் போட்ட ஐரோப்பிய நாடுகள்) 180 நாளில் 90 நாள் வரை போய்வரலாம், தனி விசா வேண்டாம். ஆனால் அசல் பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும், போனில் உள்ள படம் செல்லாது. ஷெங்கன் என்றால் சோதனையே கிடையாது என்று நினைத்துவிடாதீர்கள். 2024 செப்டம்பரில் ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனையைக் கொண்டுவந்தது, திரும்பி வரும்போது பஸ்ஸிலோ ரயிலிலோ போலீஸ் ஏறிக் கேட்கலாம். படிக்கும் காலத்தில் என் கூட வந்த ஒருவர் பாஸ்போர்ட்டை அறையில் வைத்துவிட்டு வந்து, கெல்லில் இறக்கிவிட்டு விசாரித்து அனுப்ப ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது, நாங்கள் எல்லோரும் குளிரில் நின்றோம். விசா முடிந்து, கார்டுக்குப் பதில் தற்காலிகத் தாள் மட்டும் வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால், எல்லை தாண்டும் முன் உங்கள் வெளிநாட்டினர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுவிடுங்கள். தாளில் எந்தப் பிரிவு குறித்திருக்கிறது என்பதைப் பொறுத்துப் பதில் மாறும்.

தயிர்சாதம்:

சாப்பாட்டுக்கு நான். உருளைக்கிழங்கைத் துருவிப் பொரித்த ரைபெகூகன், ஆப்பிள் கூழோடு தருவார்கள், நம் நாக்குக்கு விசித்திரமாகத்தான் இருக்கும், இரண்டாவது வாயில் பழகிவிடும். பூண்டு சாஸ் போட்ட காளான், வறுத்த செஸ்ட்நட், கேஸ்ஷ்பெட்ஸ்லே (சீஸ் போட்ட நூடுல்ஸ், முட்டை உண்டு, உங்களுக்குப் பிரச்சினை இல்லை). ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஃப்ளாம்கூகன் (பீட்சா மாதிரி மெல்லிய ரொட்டி) கேட்டால் பன்றி இறைச்சித் துண்டு போட்டுத்தான் வரும், "சான் லார்தோன்" (இறைச்சித் துண்டு இல்லாமல்) என்று சொல்லி வாங்குங்கள், ஜெர்மன் பக்கம் "ஓனே ஷ்பெக்". சூப், பருப்பு, உருளைக்கிழங்கு சாலட் மூன்றையும் கேட்காமல் வாங்காதீர்கள், இறைச்சி வேகவைத்த தண்ணீர் எங்கே கலந்திருக்கும் என்று தெரியாது.

க்ளூவைன் (மசாலா போட்ட சூடான ஒயின்) ஒரு கோப்பை 4, 5 யூரோ, அதற்கு மேல் கோப்பைக்கு முன்பணம் பிடிப்பார்கள், திருப்பிக் கொடுத்தால் காசு வரும். மது வேண்டாமென்றால் கிண்டர்பூன்ஷ் கேளுங்கள், பெயர் குழந்தைகளுடையது என்று வெட்கப்பட வேண்டாம், பாதிப் பேர் அதைத்தான் குடிக்கிறார்கள். நோட்டும் சில்லறையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள், எல்லாக் கடையிலும் கார்டு எடுப்பதில்லை. காலுக்குத் தடித்த அடிப்பாகம் உள்ள ஷூ. கல் பாவிய தரையில் மூன்று மணி நேரம் நின்றால் குளிர் கீழேயிருந்துதான் ஏறும், ஜாக்கெட் எத்தனை போட்டாலும் அதற்கு உதவாது.

ரைன்கரை:

தயிர்சாதம் சொன்ன ஷூ விஷயம் நூற்றுக்கு நூறு. தம்பி, இன்னொன்று, உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே எஸ்லிங்கன் இருக்கிறதே! எஸ்-பான் எனும் புறநகர் ரயிலில் கால் மணி நேரம், டிக்கெட் கணக்கே இல்லை. இடைக்கால உடை போட்ட கடைக்காரர்கள், தீப்பந்தம், கொல்லர் பட்டறை என்று வேறு மாதிரிச் சந்தை. வெள்ளி மாலையை அங்கே செலவழியுங்கள். நூர்ன்பெர்க்குக்கு வார நாள் ஒன்றில் வகுப்பு இல்லாதபோது போங்கள். நூர்ன்பெர்க் வாசியும் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நூர்ன்பெர்க்_வாசி:

கோபம் இல்லை, செவ்வாய் புதன் என்றால் எனக்கும் சம்மதம். டிசம்பர் 24 மதியத்துக்கு மேல் வந்துவிடாதீர்கள், கடையைக் கட்டிக்கொண்டிருப்பார்கள்.

ஸ்டுட்கார்ட்_புதுசு:

சரி, முடிவு செய்துவிட்டேன். வெள்ளி எஸ்லிங்கன், சனி ஸ்ட்ராஸ்பூர்க், கெல்லில் ஒரு இரவு, ஞாயிறு காலை முதல் ரயிலில் கோல்மார், கூட்டம் சேரும் முன் பார்த்துவிட்டு மதியமே திரும்பல். கெல்லில் 58 யூரோவுக்கு ஒரு அறை கிடைக்கிறது, ஆனால் இரவு ஒன்பதுக்கு மேல் வரவேற்பில் ஆள் இருக்க மாட்டார்களாம். பதிவு செய்யலாமா?

பழைய_மாணவன்:

செய்யுங்கள், அந்த வார இறுதிக்கு அந்த விலை நல்ல விலை. சனி மதியம் வந்ததும் முதலில் அறைக்குப் போய்ச் சாவியை வாங்கிப் பையையும் போட்டுவிட்டு அப்புறம் டிராம் ஏறுங்கள்.