கடலை மிட்டாயில் உள்ள வெல்லம் சர்க்கரையா, இல்லையா?

அறிவியல் ஆசிரியை:
பள்ளி இடைவேளைக்குக் கடலை மிட்டாயே போதும், அது வெல்லத்தில் செய்தது என்பதால் பிள்ளைகள் எத்தனை தின்றாலும் கெடுதல் இல்லை என்று கரிசல்காட்டான் நேற்று எழுதியதைப் படித்து எரிச்சலடைந்தேன். வெல்லத்திலும் பெரும்பகுதி இருப்பது வெள்ளைச் சர்க்கரையில் உள்ள அதே சுக்ரோஸ்தான். நிறம் மாறினால் சர்க்கரை சர்க்கரையாக இல்லாமல் போய்விடுமா?

கரிசல்காட்டான்:
அம்மா, எங்கள் கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கடலையை வறுத்து, தோல் நீக்கி, பருப்பை இரண்டாக உடைத்து, பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, அது 'டக்' என்று முறியும் பதம் வந்த பிறகே கலந்து பரப்புவார்கள். அதைக் கண்ணால் பார்த்திராதவர்கள் எங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வெல்லம் வேறு, வெள்ளைச் சர்க்கரை வேறு.

அறிவியல் ஆசிரியை:
புவிசார் குறியீடு ஊருக்கும் செய்முறைக்கும் கிடைத்த பெருமையே தவிர, சத்துக்கான சான்றிதழ் அன்று. முப்பது கிராம் மிட்டாயில் பன்னிரண்டு கிராம் வெல்லம் என்று வைத்துக்கொண்டாலும், இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை உள்ளே போகிறது. ஒரு நாளைய ஆற்றலில் பத்து விழுக்காட்டுக்கும் குறைவாகவே இத்தகைய சர்க்கரை இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் கூறியது. 1,500 கலோரி உண்ணும் குழந்தைக்கு அது ஏறத்தாழ 37 கிராம். அதில் கால் பங்குக்கும் மேல் ஒரே மிட்டாயில் தீர்ந்துவிடுகிறது. போதாததற்கு, கடைப் பொட்டலங்கள் பலவற்றில் திரவ குளுக்கோஸும் சேர்கிறது. பின்புறம் அச்சிட்டிருப்பதை நீங்கள் படிப்பதே இல்லை போலும்.

மருதமலையான்:
கொண்டைக்கடலையை இரவே ஊறவைத்து, காலையில் வேகவைத்துத் தாளித்துக் கொடுத்தால் இந்தச் சண்டையே எழாது.

கரிசல்காட்டான்:
தேங்காய்த் துருவல் போட்ட சுண்டலைச் சூட்டோடு டப்பாவில் அடைத்தால், இடைவேளைக்குள் நசநசத்துப் புளித்துவிடும் என்பதுகூடத் தெரியாதவரா நீங்கள்? சத்துமாவு விவாதத்தில் பதில் சொல்லாமல் ஓடியவர்தானே!

மருதமலையான்:
ஓடவில்லை, உங்கள் வசவைக் கேட்க விருப்பமில்லாமல் விலகினேன். தேங்காய் போடச் சொன்னது யார்? நான் சொல்லவே இல்லை.

அறிவியல் ஆசிரியை:
தேங்காயைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வெல்லத்தில் இரும்புச்சத்து உண்டு என்று அடுத்து வாதிடுவீர்கள் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன்: அந்தச் சத்து உடலில் சேர வைட்டமின் சி துணைபுரியும், ஆகவே சுண்டலோடு நான்கு துண்டு கொய்யாவோ ஒரு நெல்லிக்காயோ வையுங்கள். பிள்ளைகள் உட்கொள்ளும் சர்க்கரையின் அளவைப் பற்றி எச்சரிக்கும் பலகைகளை வைக்குமாறு சிபிஎஸ்இ 2025-இல் தன் பள்ளிகளைக் கேட்டுக்கொண்டது. நிலைமை அந்த அளவுக்கு வந்திருக்கும்போது, 'எத்தனை தின்றாலும்' என்று எழுதுவது பொறுப்பற்ற செயல். பல்லிடுக்கில் ஒட்டிக்கொண்ட பாகோடு பிள்ளைகள் மதியம்வரை வகுப்பில் உட்கார்ந்திருப்பதை நான் அன்றாடம் பார்க்கிறேன்.

கரிசல்காட்டான்:
கடலையின் எடையில் ஏறத்தாழ கால் பங்கு புரதம் என்பதைப் பற்றி மூச்சுவிடவில்லையே! கிரீம் பிஸ்கட் கொடுக்கும் வீடுகளைக் கண்டிக்காமல் எங்கள் பண்டத்தின்மேல் பாய்கிறீர்கள். மீண்டும் சொல்கிறேன்: வெல்லம் வேறு, சர்க்கரை வேறு.

அறிவியல் ஆசிரியை:
கிரீம் பிஸ்கட்டை நான் எங்கே ஆதரித்தேன்? கடலையைப் பற்றி எனக்கு மறுப்பே இல்லை. அவித்துக் கொடுங்கள், வறுத்துக் கொடுங்கள். கேட்டது வெல்லத்தைப் பற்றி. அதற்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை.