நிறுத்திவைத்தால் மட்டும் கசியும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்: வழி கேட்கிறேன்

குன்னூரில் நாங்கள் வைத்திருக்கும் 1983ஆம் ஆண்டு மெர்சிடிஸ் 240டி காரின் நான்கு வேக ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸிலிருந்து இரண்டு மாதங்களாகச் சிவப்பு ஆயில் கசிகிறது. மேட்டுப்பாளையம் வரை இறங்கி ஏறினாலும் ஒரு சொட்டு விழுவதில்லை. ஒரு வாரம் நிறுத்திவைத்தால் மட்டும், அடியில் வைத்த தட்டில் கால் லிட்டர் தேங்கிவிடுகிறது.

கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தேங்கும் தட்டான பானின் கேஸ்கெட்டையும் ஃபில்டரையும் மாற்றினோம். எஞ்சினின் சுழற்சியை ஆயில் வழியே கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரின் வடிகால் போல்ட்டுக்குப் புதிய வாஷர் போட்டோம். எஞ்சின் ஓடும்போது, ஆயில் சூடான பின் அளந்தால் மட்டம் சரியாகவே இருக்கிறது. அடிப்பகுதியை நன்றாகத் துடைத்து முகப்பவுடர் தூவி வைத்ததில், கியர் லிவரின் கம்பி வந்து சேரும் தண்டருகேதான் முதலில் ஈரம் தெரிந்தது. வண்டி நிற்கும்போது கன்வெர்ட்டரிலிருந்து ஆயில் பானுக்கு இறங்கி மட்டம் உயர்வதால், அந்தத் தண்டைச் சுற்றியுள்ள, காய்ந்து இறுகிப்போன சீல் வழியே வழிகிறது என்று நினைக்கிறேன். அப்பா ஓட்டிய வண்டி என்பதால், தேவையின்றிப் பிரிக்க மனம் வரவில்லை.

கியர்பாக்ஸை இறக்காமல், ஆயில் அழுத்தத்தால் கியர் மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் வால்வ் பாடியை மட்டும் கழற்றி அந்தத் தண்டின் சீலை மாற்ற முடியுமா?