அக்குவாபோரின்: நீர்ப்புழையா, நீரோடியா?

திண்டுக்கல் ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். பதினோராம் வகுப்புக்குச் செல் சவ்வு பாடக்குறிப்பு தயாரிக்கிறேன். வெள்ளிக்கிழமை நகலெடுக்கக் கொடுத்தாக வேண்டும். கொழுப்பு ஈரடுக்கு, சவ்வூடு பரவல் எல்லாம் முடிந்து அக்குவாபோரினில் வந்து நிற்கிறேன். ஈரடுக்கின் நடுப்பகுதி தண்ணீரை எளிதில் விடாது. சவ்வில் பதிந்த இந்தப் புரதம் ஒன்றின் வழியே வினாடிக்குச் சுமார் 300 கோடி நீர் மூலக்கூறுகள் வரிசையாகப் போகின்றன. பிள்ளைகள் வாயில் நுழைகிற மாதிரி ஒரு சொல் தாருங்கள்.

புலவர்:
நீர்ப்புழை. புழை என்றால் துளை, சிறுவாயில். யானைக்குப் புழைக்கை என்று பெயர், துதிக்கையில் துளை இருப்பதால். நாம் புழக்கடை என்கிறோமே, அதுவும் புழைக்கடைதான். துளை என்ற பொருளில் தூம்பும் உண்டு. புறநானூற்றில் 'தூம்புடைத் தடக்கை' என்று வருவதும் யானையின் கைதான்.

யாழ்ப்பாணத்து அன்பர்:
யானை இருக்கட்டும் ஐயா. சவ்வூடு பரவலே எனக்கு உடன்பாடில்லை. நாங்கள் பிரசாரணம் என்று படித்தோம். செல் சவ்வு எங்களுக்குக் கலமென்சவ்வு.

புலவர்:
பிரசாரணம் வடசொல் ஆயிற்றே!

யாழ்ப்பாணத்து அன்பர்:
செல் மட்டும் தொல்காப்பியத்தில் இருக்கிறதோ?

மருத்துவர்:
சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். புழை, துளை என்றால் எதுவும் போகிற ஓட்டை என்று மாணவர் நினைப்பார். இதன் சிறப்பே எதை விடாது என்பதில்தான். வழியின் மிகக் குறுகிய இடம் ஏறத்தாழ 3 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு), நீர் மூலக்கூறு 2.8. தண்ணீர் போகும், புரோட்டான் (ஹைட்ரஜன் அயனி) போகாது. புரோட்டான் கசிந்தால் சவ்வின் இருபுறமும் செல் காத்து வைத்திருக்கும் வேறுபாடு குலைந்துவிடும். இந்தப் புரதத்தைக் கண்டறிந்ததற்குத்தான் 2003இல் பீட்டர் ஆக்ரேக்கு வேதியியல் நோபல். அக்குவாபோரின் என்றே எழுதுங்கள் அம்மா. நீட் வினாத்தாளில் புழை வராது.

ஓய்வுபெற்ற பாசனப் பொறியாளர்:
நீரோடி! பழைய ஏரிகளில் தண்ணீரைத் திறந்துவிடும் குமிழித்தூம்பு பார்த்திருப்பீர்கள். அதில் தண்ணீர் போகும் துளை நீரோடி, வண்டல் போகும் துளை சேறோடி. எதற்கு எந்த வழி என்பது பெயரிலேயே இருக்கிறது. டாக்டர் கேட்டதும் அதைத்தானே?

மருத்துவர்:
அருமை. ஆனால் இந்தக் குடும்பத்தில் சில கிளிசராலையும் விடும். அவற்றை என்ன செய்வது, சேறோடி என்பதா?

யாழ்ப்பாணத்து அன்பர்:
கன்னியாகுமரிக் கரையில் நீரோடி என்று ஊரே இருக்கிறது. மதகு என்றால் என்ன?

மருத்துவர்:
மதகைத் திறந்து மூடலாம். நரம்பு செல்லின் சோடியம் வழிக்கு அது பொருந்தும். சிறுநீரகத்தில் நடப்பது வேறு. வாசோபிரசின் என்ற ஹார்மோன் வந்தால் அக்குவாபோரின்-2 செல்லுக்குள் இருக்கும் சிறு பைகளிலிருந்து சவ்வுக்கு வந்து பதிகிறது. மதகையே தூக்கி வந்து கரையில் நடுகிற கதை!

திண்டுக்கல் ஆசிரியை:
நாளை வெள்ளி. புழைக்கு மூவர் கை தூக்கியிருக்கிறீர்கள், அதில் இருவர் தனிமடலில், 'சரி, எதையாவது போடுங்கள்' என்ற தொனியில். 'நீர்ப்புழைப் புரதம் (அக்குவாபோரின்)' என்று போட்டுவிட்டேன். புரோட்டானை விடாது என்று அடுத்த வரியிலேயே சேர்த்திருக்கிறேன். பிரசாரணத்தையும் அடைப்புக்குறிக்குள் கொடுத்திருக்கிறேன்.

யாழ்ப்பாணத்து அன்பர்:
அடைப்புக்குறிக்குள்தானா?

ஓய்வுபெற்ற பாசனப் பொறியாளர்:
என் ஓட்டு நீரோடிக்குத்தான், பதிவில் இருக்கட்டும். அடுத்து சோடியம்-பொட்டாசியம் பம்பு வரும். செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபி ஒன்றைச் செலவழித்து 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். மேட்டுக்கு இறைக்கிற வேலை. அதற்கு 'ஏற்றம்' என்று இப்போதே துண்டு போட்டு வைக்கிறேன்.

புலவர்:
ஏற்றம் ஒரு பக்கம்தானே இறைக்கும்? உள்ளே வரும் இரண்டுக்கு என்ன வழி?